நீரை வைத்து நிலை சொல்லலாமா? சாயல்குடிக் கரையிலிருந்து ஒரு நுரையீரல் உறைப் புற்று

61 வயது ஆண். சாயல்குடிக்குக் கிழக்கே உள்ள கடலோரக் கிராமம். இளவயதில் சங்கு குளித்தவர். கடந்த சில ஆண்டுகளாக மகனின் வள்ளத்தில் வலை இழுக்கப் போய்வந்தவர். நான்கு மாதமாக மூச்சிரைப்பு, வலது விலாவில் மந்தமான வலி, ஒன்பது கிலோ எடைக் குறைவு. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. பத்து வருடம் போல பீடி குடித்திருக்கிறார், விட்டு வெகுநாளாகிறது. (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூச்சிரைப்பை அவர் சொன்ன விதம் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவைக்கத் தக்கது. "முன்னெல்லாம் உள்ள போனா நூறு எண்றவரைக்கும் தம் கட்டுவேன் சார். இப்ப பல்லு விளக்கக் குனிஞ்சா பத்தைத் தாண்டல." குனிந்தால் இரைப்பு கூடுகிறது, வலது பக்கம் சாய்ந்து படுத்தால் கொஞ்சம் தேவலை. பெரிய அளவில் நீர் கோத்த நெஞ்சு இப்படித்தான் பேசும்.

ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எல்லாம் இருந்தது: இரண்டு ஊர்களில் எடுத்த படங்கள், காசநோய் மாத்திரை அட்டை, கடைசியாக ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. சம்மரியின் முடிவு இரண்டு வரி. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. ஆதரவு சிகிச்சை போதுமானது.

மகன் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். "சார், வாப்பாவுக்கு நாலாவது ஸ்டேஜுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல எதுக்கு அலையணும்னு மூணு வாரம் வீட்டுலயே வச்சிருந்தோம். தண்ணி எடுத்துவிட்டாப் போதும்." நீர் எடுத்துவிடத்தான் வந்திருந்தார்கள். நிலையைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு இருந்தது. இந்த ஆய்வு முழுக்க அந்த 'நான்கு' என்ற எண்ணைப் பற்றியதுதான். நிலை என்பது நோயாளியின் உடம்பில் எழுதியிருக்கும் எண் இல்லை. ஒவ்வொரு புற்றுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. எந்த அட்டவணையை விரிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். இவருக்குத் தப்பான அட்டவணையை விரித்திருந்தார்கள்.

பையிலிருந்த படங்கள்

முதல் எக்ஸ்ரே நான்கு மாதம் முந்தையது. வலது நெஞ்சு முக்கால்வாசி வெள்ளை. இரண்டு லிட்டருக்குக் குறையாத நீர். அவ்வளவு நீர் ஒரு பக்கம் அடைத்தால் மூச்சுக்குழாயும் இதயமும் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்க வேண்டும். இந்தப் படத்தில் மூச்சுக்குழாய் நட்ட நடுவில் நிற்கிறது. விலா எலும்புகளின் இடைவெளியும் வலப்பக்கம் குறுகியிருக்கிறது. நீர் வெளியே தள்ளுகிறது, ஏதோ ஒன்று உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, மூச்சுக்குழல் அடைபட்டு நுரையீரல் சுருங்கியிருக்க வேண்டும். அல்லது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வான உறையே (ப்ளூரா) தடித்து நெஞ்சை இறுக்கியிருக்க வேண்டும்.

அப்போது எடுத்த நீரில் புரதம் அதிகம், லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகம், காசநோயில் ஏறும் ஏ.டி.ஏ. என்ற நொதி 46. நம் ஊரில் லிம்ஃபோசைட் மிகுந்த நீரில் ஏ.டி.ஏ. 40ஐத் தாண்டினால் காசநோய் என்று எடுத்துக்கொண்டு மாத்திரை தொடங்குவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏ.டி.ஏ. புற்றிலும் ஏறக்கூடும். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், எடையும் இறங்கிக்கொண்டே போனால், அடுத்த வேலை உறையிலிருந்து திசு எடுப்பது. இங்கே அது நடக்கவில்லை. இன்னொரு ஊரில் மறுபடி நீர் எடுத்தார்கள். இம்முறை சிவப்பாக வந்தது. 'புற்றணுக்கள் உள்ளன, அடினோகார்சினோமாவாக (சுரப்பித் திசுப் புற்று) இருக்கலாம்' என்று சைட்டாலஜி (அணுச் சோதனை) அறிக்கை. சி.டி. அறிக்கையில் 'உறைத் தடிப்பு, நீர், கல்லீரலில் ஒரு பரவல்'. இரண்டையும் கூட்டி நான்காம் நிலை என்று எழுதிவிட்டார்கள்.

அவர்கள் போட்ட கணக்கு புரிகிறது. நுரையீரல் புற்றின் அட்டவணையில், உறை நீரில் புற்றணு இருந்தாலே அது எம்1ஏ, அதாவது நான்காம் நிலை. கல்லீரலில் இருந்தாலும் நான்குதான். நோய் நுரையீரல் புற்றாக இருந்திருந்தால் அந்தச் சம்மரியில் பிழையே கிடையாது.

சி.டி. படத்தை நானே கணினியில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நுரையீரலுக்குள் கட்டி எங்குமே இல்லை. வலது உறை உச்சியிலிருந்து அடிவரை சுற்றிலும் தடித்து, மேடும் பள்ளமுமாக இருந்தது. பனங்காய்க்குள் நுங்கு அடைபட்டுக் கிடப்பதுபோல நுரையீரல் உள்ளே சிறைப்பட்டிருந்தது. தடிப்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல். இதயத்தை ஒட்டிய பக்கமும் விடுபடவில்லை. காசநோய்த் தழும்பு பொதுவாக இதயப் பக்கத்து உறையை விட்டுவிடும். சுற்றிவளைத்து, முடிச்சு முடிச்சாக, இதயப் பக்கத்தையும் பிடித்த தடிப்பு என்றால் புற்றை நினைக்க வேண்டும்.

யாரும் எழுதாமல் விட்ட ஒன்று இடப்பக்கம் இருந்தது. நோயில்லாத அந்த நெஞ்சில், விலா ஓரமாகவும் உதரவிதானத்தின் மேலும் சுண்ணாம்பு படிந்த தட்டையான தகடுகள் மூன்று நான்கு. இந்தத் தகடுகளால் தீங்கில்லை, புற்றாக மாறுவதும் இல்லை. ஆனால் இப்படித் தகடு உள்ளவர் வாழ்வில் எங்கோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்திருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இருபது வயதில் என்ன வேலை?

அதுவரை எல்லாக் கேஸ் ஷீட்டிலும் தொழில் என்ற இடத்தில் 'மீனவர்' என்று மட்டும் இருந்தது. பொய் இல்லை. ஆனால் கல்நார் நோய்க்கு இப்போதைய தொழில் உதவாது. தூசி போனதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே இருபது முதல் ஐம்பது வருடம் வரை ஆகும்.

"பாய், இருபது இருபத்தஞ்சு வயசுல என்ன வேலை பாத்தீங்க?"

"சங்கு குளிச்சேன்."

"சங்கு சீசன் இல்லாதப்போ?"

கொஞ்சம் யோசித்தார். "கப்பல் உடைக்கப் போவோம். நாலஞ்சு வருசம் போனேன்."

வாலிநோக்கம் கரையில் ஒரு காலத்தில் பழைய கப்பல்களை இழுத்துவந்து உடைத்தது இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிற மாவட்டத்து இளம் மருத்துவர்களுக்குத் தெரியாது. கப்பல் உடைப்பு என்றால் குஜராத்தின் அலங்தான் அவர்கள் நினைவுக்கு வரும். இவர் என்ஜின் அறையில் வேலை செய்திருக்கிறார். நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சும் சிமெண்டும் கலந்த மாதிரி ஒரு பட்டை இருக்குமாம். கேஸ் கட்டர் வைப்பதற்கு முன் அதை உளியால் தட்டி உரிக்க வேண்டும். "தட்டுனா மாவு மாதிரிப் பறக்கும் சார். துண்டை மூக்குல கட்டிக்குவோம். அரிக்கும்." உரித்ததை வீணாக்கக் கூடாதென்று சாக்கில் அள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டாம், அடுப்பு மேடைக்குப் பூசினால் சூடு தாங்கும்.

அந்த வெள்ளைப் பட்டைதான் கல்நார். கப்பல்களில் வெள்ளைக் கல்நார் மட்டுமல்ல, அதைவிடக் கொடிய நீல, பழுப்பு வகைகளும் வெப்பக்காப்புக்குப் பயன்பட்டன. புதிய கப்பல்களில் கல்நாரைப் பெரும்பாலும் தடுத்தது 2002இல், முழுவதுமாகத் தடுத்தது 2011இல். எண்பதுகளில் உடைக்க வந்த கப்பல்கள் அதற்கு வெகுகாலம் முன்பு கட்டியவை. கல்நாருக்கும் நுரையீரல் உறைப் புற்றுக்கும் உள்ள தொடர்பைத் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து வாக்னரும் உடனிருந்தவர்களும் எழுதியது 1960இல். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் குடியிருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோரும் பீடியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் மனைவி உட்பட. பீடிக்கும் மீசோதீலியோமாவுக்கும், அதாவது இந்த உறைப் புற்றுக்கும், சம்பந்தம் இல்லை. கல்நாரோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து பல மடங்கு ஏறும், அது வேறு நோய். அவரை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது அன்றைக்கு நான் செய்த பயனுள்ள வேலைகளில் ஒன்று.

வீட்டுக் கூரையைப் பற்றியும் கேட்டார்கள். இந்தக் கரையில் பாதி வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். உடையாமல் கிடக்கும் ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் பிடிபட்டிருக்கும். அறுக்கும்போதும் துளைபோடும்போதும் உடைக்கும்போதும்தான் தூசி கிளம்பும். புயலுக்குப் பிறகு உடைந்த ஷீட்டை நனைக்காமல் அடித்து நொறுக்கிப் பள்ளத்துக்குப் போடும் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

திசு

மதுரைக்கு அனுப்பி தொராக்கோஸ்கோப்பி செய்யச் சொன்னேன். மரக்கவைக்கும் ஊசி மட்டும் போட்டு, விலாவிடுக்கில் ஒரு துளை வழியே குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பது. 1.6 லிட்டர் ரத்தம் கலந்த நீர் வந்தது. வெளி உறை முழுக்க திராட்சைக் கொத்தாய் முடிச்சுகள். பல இடங்களில் ஆழமாகத் திசு எடுத்தார்கள். நீரை வடித்த பிறகும் நுரையீரல் விரியவில்லை.

மீசோதீலியோமாவை நீரில் உள்ள அணுக்களை மட்டும் வைத்து உறுதிசெய்வது கடினம். நுண்ணோக்கியில் அது அடினோகார்சினோமா மாதிரியே தெரியும். அதனால்தான் திசுவில் சாயச் சோதனைகள் தேவை. இவருக்கு உறையணுக்களின் அடையாளமான கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1, டி2-40 சாயங்கள் மூன்றும் ஏறின. நுரையீரல் அடினோகார்சினோமாவில் வழக்கமாக ஏறும் டி.டி.எஃப்.1, கிளாடின்-4 இரண்டும் ஏறவில்லை. பி.ஏ.பி.1 புரதம் அணுக்கருவில் காணாமல் போயிருந்தது. உறையில் வெறும் அழற்சியால் பெருகும் அணுக்களில் அது தொலையாது. ஆகவே இது புற்றேதான். வகை: எபிதீலியாய்டு. மூன்று வகைகளில் இதுதான் மெதுவாகப் போவது. சார்கோமட்டாய்டு வேகமானது, இரண்டும் கலந்தது இடைப்பட்டது.

பெயர் முடிவாகிவிட்டது. அட்டவணையை இனித்தான் எடுக்க வேண்டும்.

நிலை நிர்ணயம்

உறைப் புற்றுக்கு முதலில் பரவலாகப் புழங்கிய நிலைப் பகுப்பு பட்சார்ட் 1976இல் எழுதியது. மிகக் குறைந்த நோயாளிகளை வைத்துச் செய்தது. 1995இல் சர்வதேச மீசோதீலியோமா ஆர்வலர் குழு டி, என், எம் முறைக்கு மாற்றியது. டி என்பது புற்று அதே இடத்தில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, என் என்பது நிணக்கணுக்கள், எம் என்பது தொலைப் பரவல். இப்போது நடப்பது ஒன்பதாம் பதிப்பு, 2025 ஜனவரி முதல்.

இந்த அட்டவணையில் நீருக்கு இடமே இல்லை. எவ்வளவு நீர், அதில் புற்றணு உண்டா இல்லையா என்பது நிலையைத் தொடாது. புற்று பிறந்த இடமே உறைதான். உறைக்குள் கோத்த நீரில் அதன் அணு மிதப்பதைப் 'பரவல்' என்று எப்படிச் சொல்ல முடியும்? 'நான்கு' என்ற எண்ணின் முதல் கால் இங்கேயே ஒடிந்தது.

எட்டாம் பதிப்புக்கும் ஒன்பதுக்கும் பெரிய வேறுபாடு டி எழுத்தில். எட்டில், புற்று எந்தெந்த அடுக்கைத் தொட்டது என்று பார்த்து டி சொல்வோம்: உதரவிதானத் தசையா, நுரையீரல் திசுவா, மார்புச் சுவரின் உட்சவ்வா, நடுமார்பின் கொழுப்பா. அறுவை செய்து கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இது சரி. சி.டி.யில் ஒரு மில்லிமீட்டர் சவ்வைப் புற்று தாண்டியதா இல்லையா என்று சொல்வது ஜோசியத்துக்குப் பக்கத்தில் போய்விடும். நானும் ஒரு கதிரியல் மருத்துவரும் ஒரே படத்துக்கு இரண்டு டி எழுதியதுண்டு. ஒன்பதாம் பதிப்பு ஸ்கேல் எடுத்து அளக்கச் சொல்கிறது. நெஞ்சை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உறை மிகத் தடித்திருக்கும் இடத்தைச் செங்குத்தாக அளந்து, மூன்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 12 மி.மீ.க்குள், மடல்களுக்கு இடையிலான பிளவும் 5 மி.மீ.க்கு மேல் தடிக்கவில்லை என்றால் டி1. 12க்கு மேல் 30 வரை டி2. தொகை 12க்குள் இருந்தும் பிளவு தடித்திருந்தாலோ, நடுமார்புக் கொழுப்பிலோ மார்புச் சுவரில் ஒரே ஒரு இடத்திலோ இறங்கியிருந்தாலோ அதுவும் டி2. 30ஐத் தாண்டினால் டி3. இந்த அளவுகளையெல்லாம் மீறி, விலா எலும்பு, முதுகெலும்பு, இதயம், உணவுக்குழாய் போன்றவற்றில் இறங்கினாலோ, மார்புச் சுவரில் பரவலாகப் படர்ந்தாலோ, இதய உறையையோ உதரவிதானத்தையோ துளைத்தாலோ, எதிர்ப்பக்க உறையைத் தொட்டாலோ டி4.

இவருடைய அளவுகள்: மேலே 9, நடுவில் 15, கீழே 20. கூட்டினால் 44 மி.மீ. அளவிலேயே டி3க்குக் குறையாது.

அளக்கும்போது இரண்டு சங்கடம். நீரைச் சேர்த்து அளந்துவிடக் கூடாது. மருந்தேற்றி எடுத்த சி.டி.யில் உறை மின்னும், நீர் மின்னாது, அதனால் மருந்தேற்றாத படத்தில் இந்த அளவையே எடுக்க வேண்டாம். இன்னொன்று, சரிந்து ஓடும் உதரவிதானத்தின் மேல் குறுக்குவெட்டுப் படத்தில் தடிப்பு மிகையாகத் தெரியும்.

அடுத்து கல்லீரல். அறிக்கையில் 'கல்லீரலில் 2.4 செ.மீ. பரவல்' என்றிருந்தது. குறுக்குவெட்டில் பார்த்தால் உண்மையிலேயே கல்லீரலுக்குள் உட்கார்ந்த புண் மாதிரித்தான் இருக்கிறது. அதே படத்தை முன்பக்கமிருந்து பார்க்கும் வெட்டாக மாற்றியதும் கதை மாறியது. புண் கல்லீரலின் உச்சியில், மேற்பரப்பில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே உறைத் தடிப்பின் மிகக் கனத்த பகுதி. எம்.ஆர்.ஐ.யில் உதரவிதானம் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுந்திருந்தது. அறுந்த இடம் வழியே உறைக்கட்டி ஒரு நாக்கை நீட்டிக் கல்லீரலின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருந்தது. கல்லீரலுக்குள் வேறெங்கும் ஒன்றும் இல்லை.

ரத்தத்தில் மிதந்துபோய்க் கல்லீரலில் விதைத்திருந்தால் அது எம்1, நான்காம் நிலை. உறையிலிருந்து தொடர்ச்சியாக உதரவிதானத்தைத் துளைத்து இறங்கியிருந்தால் அது டி4, மூன்றாம் நிலையின் பி பிரிவு. இவருக்கு இரண்டாவது. வயிற்றில் தொடர்பே இல்லாமல் வேறோரிடத்தில் தனி முடிச்சு இருந்திருந்தால் எம்1 என்றுதான் எழுதியிருப்பேன், புற்று இருக்கும் இடத்தை ஒளிரக் காட்டும் பெட் சி.டி.யில் அப்படி எதுவும் எரியவில்லை. உதரவிதானத்துக்கு அடியில் நேரில் பார்க்க லேப்பராஸ்கோப்பி செய்யலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அறுவை செய்யும் எண்ணம் இருந்தால் அவசியம் செய்ய வேண்டியது. இல்லாதவருக்கு அது வீண் மயக்கமருந்து. விட்டுவிட்டோம்.

பெட் சி.டி. பற்றி ஒரு எச்சரிக்கை. நீர் மறுபடி கோக்காமல் இருக்க உறைக்குள் டால்க் பொடி தூவி நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைப்பதுண்டு. தூவிய பிறகு எடுத்த பெட் படத்தில் அந்த அழற்சியே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் புற்றுபோல எரியும். ஆகவே டால்க் போடுவதாக இருந்தால் படம் முதலில். இவருக்கு நுரையீரல் விரியாததால் டால்க் போட வழியே இல்லை. சிறைப்பட்ட நுரையீரலில் ஒட்டுவதற்கு எதிர்ச்சுவர் எட்டாது.

கணுக்களுக்கான 'என்' எழுத்து சுலபமாக முடிந்தது. மார்பெலும்புக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு கணு 9 மி.மீ., பெட்டில் எரிகிறது. நோயுள்ள பக்கத்து மார்புக் கணுக்கள் எல்லாம் என்1; எதிர்ப்பக்க நடுமார்புக் கணுவோ காறை எலும்புக்கு மேலுள்ள கணுவோ சேர்ந்தால் என்2. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், படத்திலும் இல்லை. இடது நுரையீரலில் இரண்டு சிறு புள்ளிகள், சுண்ணாம்பேறியவை. பழைய காசநோய் வடு. எம்0.

டி4, என்1, எம்0. ஒன்பதாம் பதிப்பின்படி 3பி. எட்டாம் பதிப்பிலும் டி4 எந்தக் கணுவோடு சேர்ந்தாலும் 3பிதான்.

பதிப்பு மாறியதால் நிலை மாறுவது இவருக்கு நேரவில்லை, பலருக்கு நேரும். கணு இல்லாத டி3 எட்டாம் பதிப்பில் 1பி. ஒன்பதில் 3ஏ. நோயாளிக்கு ஒரு மில்லிமீட்டரும் கூடவில்லை, எண் மட்டும் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போய்விடும். பழைய கோப்போடு வருகிறவரின் நிலையைப் படிக்கும்போது எந்தப் பதிப்பில் எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதும்போது பதிப்பின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

3பி என்றால் என்ன?

நான்கு மூன்றானதில் என்ன பயன் என்று ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டுமே அறுவைக்கு எட்டாதவை. இரண்டிலுமே முழுக்க குணமாக்குவதாகச் சொல்ல முடியாது. நிலையை மட்டும் பார்த்தால் ஆதாயம் குறைவுதான்.

பயன் வேறிடத்தில். நுரையீரல் புற்று என்று விட்டிருந்தால் அடுத்தபடியாக ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுச் சோதனைக்கு அனுப்பி, சில ஆயிரங்களும் மூன்று வாரமும் போயிருக்கும். மருந்துத் தேர்வு மாறுகிறது. தொழில்நோய் என்று எழுத முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியுலகில் 'நாலாவது ஸ்டேஜ்' என்றால் வீட்டுக்குக் கூட்டிப்போ என்று பொருளாகிவிட்டது. அந்த எண்ணைக் கேட்டபின் இவர்கள் மூன்று வாரம் ஒரு மருத்துவரையும் பார்க்கவில்லை. நெஞ்சில் இரண்டு லிட்டர் நீரோடு உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். நீரை வடிப்பதற்கும் நிலைக்கும் சம்பந்தமே கிடையாது.

மகனிடம் சொன்னபோது எண்ணைக் கடைசியில்தான் சொன்னேன். என்ன நோய், எதனால் வந்தது, எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது. அதற்குப் பிறகு 3பி. "அப்ப நாலு இல்லையா சார்?" என்றார். இல்லை, ஆனால் முற்றிய நிலைதான், அறுவை செய்து எடுக்க முடியாது என்றேன். நான்கு இல்லை என்பதைப் பெரிய நல்ல செய்தியாக்கி அனுப்புவதும் ஏமாற்றுதான். நோயாளி பக்கத்திலேயே இருந்தார். கடலுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டார்.

சிகிச்சை

மதுரையில் புற்றுநோய், கதிரியல், அறுவை, நெஞ்சக நோய் மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். அறுவைப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. டி4 என்பது ஒன்று. இன்னொன்று, அறுவைக்கு எட்டுகிறவர்களுக்கே உறையை உரித்தெடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று பிரிட்டனின் மார்ஸ்-2 ஆய்வு 2024இல் காட்டியது. கீமோதெரபியோடு அறுவையும் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.3 மாதம், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 24.8.

நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டு, நிவோலுமாப், இபிலிமுமாப். 2021இல் வெளிவந்த ஆய்வில் எல்லா வகையினரையும் சேர்த்து இடைநிலை ஆயுள் 18.1 மாதம், கீமோவில் 14.1. வகை பிரித்துப் பார்த்தால், எபிதீலியாய்டு அல்லாதவர்களுக்கு 18.1க்கு எதிரே 8.8 என்று பெரிய இடைவெளி, எபிதீலியாய்டுக்கு 18.7க்கு எதிரே 16.5 மட்டுமே. இந்த முடிவில் நிலையைவிட அணுவகைதான் அதிகம் பேசுகிறது. பல லட்சம் செலவாகும் மருந்து. இவர் வகைக்கு அதற்காக வள்ளத்தை விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படியே சொன்னேன்.

பெமெட்ரெக்செட், அதோடு கார்போபிளாட்டின் என்று முடிவானது. வழக்கமான ஜோடி சிஸ்பிளாட்டின். 2003இல் பெமெட்ரெக்செட் சேர்த்ததால் ஆயுள் 9.3இலிருந்து 12.1 மாதமாகக் கூடியது என்று நிறுவியது அந்த ஜோடிதான். இவருடைய சிறுநீரகம் சற்றுப் பின்தங்கியிருந்ததால் கார்போபிளாட்டினுக்கு மாறினார்கள். முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கியாக வேண்டும்; பி12 பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை. விட்டுப்போனால் ரத்த அணுக்கள் சரியும், வாய் புண்ணாகும். சத்து மாத்திரைதானே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் மருந்துச் சீட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தேன்.

கீமோவைவிட அவருக்கு உடனே உதவியது நெஞ்சுக் குழாய். தோலுக்கு அடியில் ஓட்டி நிரந்தரமாக வைக்கும் மெல்லிய குழாய். வீட்டிலேயே ஒன்று விட்டு ஒரு நாள் நீரை வடித்துக்கொள்ளலாம். மருமகள் இரண்டே தடவை பார்த்துக் கற்றுக்கொண்டார். கை கழுவி, கையுறை போட்டு, மூடியைத் திறந்து, பையை மாட்டி, 400, 500 மில்லி வந்ததும் இருமல் தொடங்கினால் நிறுத்த வேண்டும். குழாயோடு கடல் குளியல் கிடையாது. வள்ளத்தில் உட்கார்ந்து போகத் தடையில்லை, தண்ணீர் தெறிக்காமல் இருந்தால் சரி. முதல் வாரம் முடிவில் படுத்துத் தூங்கினார்.

சாயல்குடியிலிருந்து முதுகுளத்தூர், பரமக்குடி வழியாக மதுரை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ரத்தப் பரிசோதனையை இங்கேயே எடுத்து முடிவைக் கைபேசியில் அனுப்பிவிடுகிறோம், அணுக்கள் குறைந்திருந்தால் பஸ் ஏற வேண்டாம். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எடுத்த சி.டி.யில் தடிப்பின் கூட்டுத்தொகை குறைந்திருந்தது, ஆனால் 30 சதவிகிதத்தை எட்டவில்லை; கணக்குப்படி 'நிலையாக உள்ளது'. வலி மார்ஃபின் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. இன்னும் மூன்று சுற்று பாக்கி.

ஆவணம்

கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் சொன்னது. தினக்கூலிக்குப் போனவருக்குப் பதிவேடும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. இழப்பீடு கேட்டால் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. கேட்பதற்காவது மருத்துவக் காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும். எங்கே, எந்த வயதில், எத்தனை வருடம், எந்த வேலை, எந்தப் பொருள், எதிர்ப்பக்க உறையில் தகடுகள், திசு முடிவு, நிலை, பதிப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதி மருத்துவக் குழுவின் முத்திரையோடு கொடுத்திருக்கிறோம். அவர் மனைவி அந்த வருடங்களில் தூசிபடிந்த கைலியையும் துண்டையும் துவைத்தவர் என்பதால் அவருக்கும் எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது.

கூட வேலை பார்த்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. வந்த கையோடு அவர்களுக்கும் படம் எடுத்தோம். ஒருவருக்கு இருபக்கமும் தகடுகள், நீர் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். இடையில் ஒரு பக்கம் வலியோ இரைப்போ வந்தால் உடனே. அந்தக் காலத்தில் தங்களோடு போனவர்கள் இன்னும் சிலர் ஏர்வாடிப் பக்கமும் மூக்கையூர்ப் பக்கமும் இருப்பதாகச் சொன்னார்கள். பெயர்களை வாங்கி வைத்திருக்கிறோம்.